அறிந்த தொழிலை மீண்டும் கற்பது ஏன்?

தான் அறியாத ஒன்றைக் கற்கப் பள்ளி செல்வானை உலகம் புகழ்கிறது. தான் பல்லாண்டுகளாகச் செய்து வந்த தொழிலையே கற்கப் பள்ளி செல்வானைக் கண்டாலோ நகைக்கிறது. "மீனுக்கு நீச்சல் வகுப்பாம்" என்று ஒரு சாரார் ஏளனம் செய்வர். "ஒன்றுமில்லை, ஒரு பத்திரம் வாங்கப் போகிறான், சம்பளம் உயரும்" என்று மற்றொரு சாரார் உட்கருத்து உரைப்பர். முதற் சாரார் அதனை வீண் என்கின்றனர். இரண்டாம் சாரார் அதனை வியாபாரம் என்கின்றனர். இவ்விரண்டுமன்றி மூன்றாவது பொருள் ஒன்று அதன்கண் உண்டா என்பதே ஈண்டு ஆராய எடுத்துக்கொண்டது.

இவ்வாராய்ச்சி எனக்குப் பொழுதுபோக்கன்று. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 13 ஆண்டுகளாகக் கிராணி வேலை பார்க்கிறேன். அவற்றுள் பின் 6 ஆண்டுகள் ஆலைக் கணக்கிலும் ஆலை வேலையிலும் கழிந்தன. 35 வயதும், இரண்டு குழந்தைகளும், கட்டித் தீராத கடனும் உடைய நான், சென்ற ஆண்டு தோட்டப் பயிர்த்தொழில் பற்றிய பட்டப் படிப்பொன்றில் மாணவனாகப் பெயர் கொடுத்தேன். மாதம் இருமுறை மலையிறங்கிச் சென்று, என்னினும் 10 வயது இளையவர்களோடு ஒரே பெஞ்சியில் அமர்ந்து, தேயிலை என்றால் என்ன என்று முதலிலிருந்து கேட்கிறேன். முதல்நாள் விரிவுரையாளர் பலகையில் 'கமீலியா சைனென்சிஸ்' என்று அச்செடியின் தாவரப் பெயரை எழுதினார். அன்று அவ்வகுப்பில் அப்பெயரை முன்பு கேட்டிராதவன் நான் ஒருவனே. அச்செடியைத் தொட்டிருந்தவனும் நான் ஒருவனே. இவ்விரண்டில் எதற்காக நாணுவது, எதற்காக நிமிர்வது என்று அறியாமல் அன்று வீடு திரும்பினேன்.

ஓர் உண்மையை முதலிற் கூறிவிடுதல் நலம். நான் கிராணி ஆனது தேயிலையை அறிந்ததனால் அன்று, ஆங்கிலம் அறிந்ததனால். ஆங்கிலப் பள்ளியிற் படித்து வந்த 22 வயது இளைஞனுக்கு, கொழுந்துக்கும் முற்றிய இலைக்கும் வேற்றுமை தெரியாத நிலையிலேயே மேசையும் நாற்காலியும் கிடைத்தன. அதே காலையில், அதே பெரட்டுக் களத்தில், 20 ஆண்டுகள் அச்செடிகளோடு பழகிய தாயார் ஒருவர் முதுகிற் கூடையோடு என்முன் நின்று தம் பெயரைப் பதியச் சொன்னார். அறிந்தவர் நின்றார், அறியாதவன் அமர்ந்திருந்தான். பெரட்டில் அவர் என்னைக் 'கிராணி ஐயா' என்றழைப்பார். மலைச்சரிவில் வேறு எவரும் இல்லாதபோது 'தம்பி' என்பார். நான் அவரைப் பெரியம்மா என்பேன். அந்தத் 'தம்பி' என்னும் சொல்லோடுதான் எனக்குத் தேயிலைப் பாடம் தொடங்கிற்று. எக்கொழுந்தைக் கிள்ளுவது, எதனை அடுத்த முறைக்கு விட்டுவைப்பது, வளராமல் நின்றுபோன தளிரை ஏன் கிள்ளி எறிய வேண்டும், கூடையில் கொழுந்தை அமுக்கினால் அது எவ்வாறு சூடேறிச் சிவந்து கெடும் என்பனவெல்லாம் அவர் வாய்மொழியாக நான் பெற்ற கல்வி. இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் என்று எல்லாரும் சொல்வர். அவ்விரண்டு இலையும் எந்நாளில் இலையாகவும் எந்நாளில் சருகாகவும் கணக்காகும் என்பதைச் சொல்லுபவர் சிலரே.

ஆலையில் எனக்கு ஆசான் ஒரு முதியவர். வாட்டிய இலையை உருட்டி நசுக்கியபின், அது காற்றுப் பட்டுப் பச்சை நிறம் மாறிச் செம்பு நிறம் அடையும் வரை பரப்பி வைப்பது வழக்கம். எப்போது அதனை உலர்த்தும் அடுப்புக்கு அனுப்புவது என்பதிலேயே அன்றைய தேயிலையின் விலை அடங்கியிருக்கிறது. அவர் கையளவு இலையை அள்ளி மூக்கருகே கொண்டுபோவார், சிறிது நிற்பார், 'போடு' என்பார், அல்லது 'இருக்கட்டும்' என்பார். அவர் வாக்கு பொய்த்ததை நான் கண்டதில்லை.

ஒருமுறை அவர் விடுப்பிற் சென்றார். மழைக்காலம், வழக்கத்தினும் குளிர் மிகுந்த இரவு. பொறுப்பு என்மீது விழுந்தது. அவர் ஏறத்தாழ எத்தனை நிமிடம் வைப்பார் என்பதைக் கடிகாரத்திற் பலமுறை கண்டிருந்தேன். நானும் அத்தனை நிமிடமே வைத்தேன், அனுப்பினேன். மறுநாட் காலையில் சுவை பார்த்தபோது அவ்விரவின் தேயிலை முழுதும் பச்சை வாடையும் கடுப்புமாக நின்றது. நிர்வாகி என்னை அழைத்து, கோபமின்றி, ஒரே ஒரு சொல் கேட்டார்: "ஏன்?" நான், "வழக்கம்போலத்தான் செய்தேன், ஐயா" என்றேன். அது விடையன்று என்பது இருவருக்கும் தெரிந்தது. திரும்பி வந்த முதியவரிடம் கேட்டேன். "குளிரு ராத்திரியிலே கடியாரத்தையா பாப்பாங்க? மூக்கு சொல்லுமே, தம்பி" என்றார். அவர் சொன்னது முற்றும் மெய். ஆயின், மூக்கு என்ன சொல்லும் என்பதை அவரால் எனக்குச் சொல்ல முடியவில்லை. இரண்டாண்டுகளுக்குப் பின் அவர் ஓய்வு பெற்றார், பின்னர் மறைந்தார். நிலத்தையும் நகையையும் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். மூக்கை எழுதி வைக்க இயலுமோ?

'தெரிந்ததை ஏன் கற்பது' என்னும் கேள்வி பழமையானது. ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் பிளேட்டோ எழுதிய 'மீனோ' என்னும் உரையாடலில் இக்கேள்வி வருகிறது. ஒருவன் அறிந்ததைத் தேடமாட்டான், அவன்தான் அறிந்திருக்கிறானே. அறியாததையும் தேடமாட்டான், எதைத் தேடுவது என்றே அவனுக்குத் தெரியாதே. ஆதலால் ஆராய்ச்சி என்பதே வெறும் சொல் என்று மீனோ வாதாடுகிறான். சாக்ரடீஸ் அதற்கு விடையாக ஓர் அடிமைச் சிறுவனை அழைக்கிறார். ஒரு சதுரத்தின் பரப்பை இருமடங்காக்க வேண்டின் பக்கத்தை எவ்வளவு நீட்டுவது என்று வினவுகிறார். சிறுவன் தயங்காமல், பக்கத்தை இருமடங்காக்கு என்கிறான். வரைந்து பார்த்தால் பரப்பு நான்கு மடங்காகிறது. பின்னரே அச்சிறுவன் தனக்குத் தெரியாது என்பதைத் தெரிந்துகொள்கிறான். இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தவறான விடையைச் சொன்னபோது அவன் முகத்தில் ஐயம் இல்லை. அறிந்தோம் என்னும் உணர்ச்சி மெய்யறிவோடும் வரும், பொய்யறிவோடும் வரும். இரண்டிற்கும் முகம் ஒன்றே.

பிளேட்டோவின் மாணாக்கர் அரிஸ்டாட்டில் இதனை மேலும் பகுத்துரைத்தார். அனுபவம் உள்ளவன் 'இது இவ்வாறு நிகழும்' என்பதை அறிவான். கலையை உணர்ந்தவன் 'இது ஏன் இவ்வாறு நிகழும்' என்பதை அறிவான். அறிந்தவனுக்கு அடையாளம் பிறர்க்குக் கற்பிக்க வல்லனாதல் என்பது அவர் துணிபு. அனுபவமின்றிக் காரணம் மட்டும் அறிந்தவனைவிட, காரணமறியாத அனுபவசாலியே செயலில் வெற்றி பெறுவான் என்றும் அவரே நேர்மையாக ஒப்புக்கொள்கிறார். என் ஆலை முதியவரை நினைக்கும்போது இவ்விரண்டும் மெய்யெனத் தோன்றுகின்றன. அவர் அந்த இரவில் இருந்திருப்பின் தேயிலை கெட்டிராது. அவர் காரணத்தை அறிந்திருப்பின் அவர் இல்லாத இரவிலும் கெட்டிராது.

அக்காரணந்தான் என்ன? வகுப்பில் அதனைக் கேட்டபோது என் உடம்பு சிலிர்த்தது. பரப்பி வைத்த இலை நிறம் மாறுவதை நூல்கள் நொதித்தல் என்றே நெடுங்காலமாக அழைத்து வந்தன. கள் புளிப்பதுபோல் நுண்ணுயிர்களால் அது நிகழ்வதாகவும் பலர் கருதினர். 1901ஆம் ஆண்டளவில் ஹரோல்டு மான் என்னும் விஞ்ஞானி இந்தியத் தேயிலைத் தோட்டங்களுக்காக ஆராய்ந்து, அது நுண்ணுயிரின் வேலையன்று, இலைக்குள்ளேயே இயல்பாக அமைந்த நொதிப்பொருள் ஒன்றின் வேலை என்று விளக்கினார். இலையை உருட்டும்போது அதன் நுண்ணறைகள் உடைகின்றன. சாறும் நொதியும் கலக்கின்றன. காற்றிலுள்ள பிராணவாயு அவற்றோடு கூடி நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகிறது. வெப்பம் குறைந்தால் இவ்வேலை மெதுவாகும். என் குளிர் இரவில் கடிகாரம் பிழை செய்யவில்லை, நொதிதான் சோம்பியிருந்தது. அவ்வொரு வாக்கியத்தை நான் முன்னரே அறிந்திருந்தால், வெப்பமானியை ஒருமுறை பார்த்திருப்பேன், காத்திருந்திருப்பேன்.

ஆயினும், காரணம் பிழையாகக் கருதப்பட்ட காலத்திலும் நல்ல தேயிலை உண்டாகியே வந்தது என்பதை மறக்கலாகாது. காரணமில்லாமல் தொழில் நடக்கும். எதுவரை நடக்கும்? நிலைமை மாறாதிருக்கும் வரை. 1830களில் அஸ்ஸாமில் தேயிலை தொடங்கியபோது சீன நாட்டிலிருந்து கைத்தேர்ந்த தொழிலாளரை வரவழைத்தார்கள். 1839இல் அத்தேயிலை லண்டனில் ஏலம் போயிற்று. அங்கே காட்டில் இயல்பாக வளர்ந்த செடியோ சீனச் செடியினின்றும் வேறுபட்ட இனம். பழகிய கை புதிய இலையின் முன் மீண்டும் கற்கவேண்டியதாயிற்று. 1929இல் ரஸ்ஸல் என்பார் இக்கேமரன் மலையில் போ தோட்டத்தைத் தொடங்கியபோது, இலங்கையிலே தேயிலை பயிரிட்டுத் தேர்ந்த மில்ன் என்பாரைத் துணைக்கொண்டார். அனுபவம் கடல் கடந்து செல்லும். ஆனால் சென்ற இடத்தில் எது பொருந்தும், எது பொருந்தாது என்பதை அனுபவமே சொல்லாது. அதற்காகவே 1911இல் அஸ்ஸாமில் டோக்லாய் ஆராய்ச்சி நிலையமும், 1925இல் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் எழுந்தன. இந்நாட்டில் 1919இல் தொடங்கிய தோட்ட நிர்வாகிகள் சங்கமும் தன் உறுப்பினரின் அனுபவத்தோடு அமையாமல், வேலை பார்த்துக்கொண்டே எழுதத்தக்க தொழிற் பரீட்சைகளை ஏற்படுத்தியது. துரைமாரே பரீட்சைக்குப் படித்தார்கள் என்றால், கிராணி படிப்பதில் நகைப்புக்கு இடமேது?

இனி, இப்பொருளுக்குத் தமிழரிடையே உள்ள தலையாய சான்றினைக் காண்போம். அவரும் ஒரு கிராணியே. கும்பகோணத்துச் சீனிவாச ராமாநுஜன் 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். அதற்கு முன்பே அவர் பல ஆண்டுகளாகக் கணிதத் தொழில் செய்து வந்தவர். அதற்குச் சம்பளம் கிடைக்கவில்லை என்பதே குறை. 1904இல் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணிதம் தவிர்த்த பாடங்களிற் பின்தங்கி அதனை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் படித்தும் எப். ஏ. பரீட்சையில் தேறவில்லை. 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் அவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டே சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி அளித்தது. 1914 மார்ச்சில் அவர் கப்பலேறினார். உலகக் கணிதருக்கே புதியனவற்றைக் கண்டவர், மாணவராய்ப் பள்ளி புகுந்தார்!

அங்கே ஹார்டிக்கு எழுந்த இக்கட்டு நம் கேள்வியேயாம். இத்தகையவருக்கு எதைக் கற்பிப்பது? முதலிலிருந்து முறைப்படி கற்பித்தால் அவர் ஊற்றை அடைத்துவிடக் கூடும். கற்பியாமல் விட்டால் அவர் பிழைகள் பிழைகளாகவே நின்றுவிடும். அவர் அனுப்பிய கடிதத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தேற்றங்கள் இருந்தன. சில முன்பே அறியப்பட்டவை. பல எவரும் காணாதவை. பகா எண்கள் எத்தனை உள்ளன என்பது பற்றி அவர் கொண்ட துணிபுகளோ, அவர் எண்ணிய அளவுக்குச் சரியல்ல. சிக்கலெண்களைப் பற்றிய சார்புக் கணிதத்தை அவர் கற்றதில்லை. ஆதலால் அவ்விடத்தில் மறைந்திருந்த இடர் அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. அன்பர்கள் கவனிக்க வேண்டுகிறேன்: மெய்யான தேற்றமும் பிழையான துணிபும் ஒரே கடிதத்தில், ஒரே கையெழுத்தில், ஒரே உறுதியோடு எழுதப்பட்டிருந்தன. அவருடைய மேதை அவற்றைக் கண்டது. அவற்றைப் பிரித்துக் காட்டும் கருவியே அவரிடம் இல்லை. நிரூபணம் என்னும் அக்கருவியைப் பள்ளி அளித்தது. ஹார்டி தாம் கற்பித்ததைவிட அவரிடம் கற்றதே மிகுதி என்று பின்னர் ஒப்புக்கொண்டார். 1916இல் ஆராய்ச்சியின் பேரில் பி. ஏ. பட்டமும், 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும் அவரை வந்தடைந்தன. 1920 ஏப்ரல் 26ஆம் நாள் அவர் மறைந்தார்.

ஒரே மனிதர், இரண்டு பள்ளிகள். ஒரு பள்ளி, 'உன்னிடம் இல்லாதது எது?' என்று மட்டும் கேட்டு வெளியே அனுப்பியது. மற்றொன்று, 'உன்னிடம் உள்ளது எது?' என்று முதலிற் கேட்டுப் பின்னரே இல்லாததைக் கொடுத்தது. ஆகவே, தொழில் அறிந்தவன் பள்ளி செல்லலாமா என்னும் கேள்வியோடு, பள்ளி அவனை எவ்வாறு வரவேற்கிறது என்னும் கேள்வியும் சேர்ந்தே நிற்கிறது. தெரிந்ததைத் தெரியாதவன்போல் உட்கார்ந்து கேட்கச் செய்வது கல்வியன்று, அவமதிப்பு. அவ்வாறே, தெரியும் தெரியும் என்று சொல்லி எதையும் கேளாதிருப்பதும் அறிவன்று, அகந்தை.

இனி, பத்திரம் வாங்கப் போகிறான் என்னும் இரண்டாம் ஏளனத்துக்கு வருவோம். அதனை நான் மறுக்கவில்லை. பட்டம் பெற்றால் சம்பளம் உயரும். அதுவும் என் எண்ணத்தில் உண்டு. குழந்தைகளுக்குச் சோறு வேண்டும் என்று எண்ணுவது பாவமன்று. ஆனால் பத்திரமும் கல்வியும் இருவேறு பொருள்கள் என்பதைத் தெளிதல் வேண்டும். உள்ளதை உள்ளது என்று ஊரறியச் சொல்வது பத்திரம். இல்லாததை உண்டாக்குவது கல்வி. முன்னதற்காக மட்டும் பின்னதைச் செய்பவன் இரண்டையும் இழப்பான்.

பத்திரத்தின் தேவையை வேறு வழியாலும் நிறைவேற்றலாம் என்பதை நம் நாட்டுச் சட்டமே காட்டுகிறது. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்படி அமைந்த முறையில், வேலையிலேயே திறன் பெற்றவர் அதனை ஆதாரங்காட்டி மெய்ப்பித்து, வகுப்பில் அமராமலே மலேசியத் திறன் சான்றிதழ் பெறலாம். உயர்கல்வியிலும், 21 வயது நிறைந்து தொடர்புடைய அனுபவம் உள்ளவர், பள்ளித் தகுதி குறைந்திருந்தும், ஆதாரக் கோப்பாலும் தேர்வாலும் தம் தகுதியைக் காட்டி இளங்கலைப் படிப்பிற் சேர மலேசியத் தகுதி முகமை வழி வகுத்திருக்கிறது. இவை நல்ல ஏற்பாடுகள். தோட்டத்துச் சகோதரர்களும் நகரத்துத் தொழிலாளரும் இவற்றை விசாரித்து அறிதல் வேண்டும். கம்பி வேலை, மின் வேலை, இயந்திர வேலை ஆகியவற்றில் 20 ஆண்டு தேர்ந்தும், 'காகிதம் இல்லை' என்னும் ஒரு காரணத்தால் பாதிச் சம்பளத்துக்கு உழைப்போர் நம்முள் பலர். அவர்க்கு முதலில் வேண்டுவது பள்ளியன்று, நீதி. அந்நீதி கிடைத்தபின் வேண்டுவது பள்ளி.

இவ்விடத்தில் நம் சமூகத்தின் பழம் புண்ணொன்று கண்ணிற் படுகிறது. செய்பவன் ஒருவன், அறிபவன் வேறொருவன் என்று வகுத்து, அவ்வகுப்பைப் பிறப்போடு கட்டிய சமூகம் நம்முடையது. ஏர் பிடித்தவன் கையில் ஏடு இல்லை. ஏடு பிடித்தவன் கையில் ஏர் இல்லை. அரிஸ்டாட்டிலும் இக்குற்றத்துக்கு விலக்கல்லர். கைத்தொழிலாளர் நெருப்புச் சுடுவதுபோலத் தாம் செய்வது இன்னதென்று அறியாமலே செய்கிறார்கள் என்று அவர் எழுதிவிட்டார். அடிமைகள் உழைத்த நாட்டில் அமர்ந்து எழுதியவர் அல்லரோ! அவர் என் பெரியம்மாவைக் கண்டதில்லை. நெருப்பு எதையும் நினைத்துப் பார்ப்பதில்லை. அவர் 30 ஆண்டுகளாக நினைத்துப் பார்த்தே கொழுந்தெடுக்கிறார். அவருக்கு இல்லாதது சிந்தனையன்று. அச்சிந்தனையைச் சோதித்துப் பார்க்க ஓர் இடமும், அதனை எழுதி வைக்க ஒரு மொழியுமே. நம் முன்னோர்க்குத் தோட்டத்தில் பள்ளி வந்த வரலாறும் நினைக்கத்தக்கது. 1923ஆம் ஆண்டின் மலாயாத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி வந்தது, கொழுந்துக்கூடையிலிருந்து விஞ்ஞான சாலைக்குப் பாதை வரவில்லை. ஆதலால், தொழில் செய்தவன் அத்தொழிலைக் கற்கச் செல்லும்போது, பிளந்து கிடந்த கையும் அறிவும் ஓர் உடம்பிலே ஒட்டுகின்றன. அது தனி மனிதன் முன்னேற்றம் மட்டுமன்று.

அவ்வாறு செல்பவனுக்குப் பள்ளியில் ஒரு கடமையும் உண்டு. வாயடைத்துக் கேட்பது அவன் கடமையன்று. எங்கள் பாடநூலொன்று, குளிர்காலத்தில் செடி உறங்கும்போது கவாத்துச் செய்க என்று கூறிற்று. அஸ்ஸாமுக்கு அது பொருந்தும். அங்கே குளிர்காலத்தில் கொழுந்து நின்றுவிடும். கேமரன் மலையிலோ ஆண்டு முழுதும் கொழுந்து உண்டு. நான் எழுந்து இதனைச் சொன்னேன். விரிவுரையாளர் என்னைவிட வயதில் இளையவர், சிறிதும் சினவாமல், "நூல் எழுதிய இடம் வேறு, நாம் நிற்கும் இடம் வேறு, நன்றாகக் கேட்டீர்கள்" என்றார். பள்ளி, அனுபவத்தின் பிழையைத் திருத்துகிறது. அனுபவம், நூலின் பிழையைத் திருத்துகிறது. இரண்டும் ஒன்றையொன்று அஞ்சாத இடமே கலாசாலை.

காலமோ நமக்காகக் காத்திருக்கவில்லை. விரலால் கிள்ளிய இடத்தில் இன்று கத்தரியும், இருவர் பிடித்துச் செல்லும் இயந்திரமும் வந்துவிட்டன. மலைச்சரிவில் வேலை செய்வோருட் பலர் வங்காளதேசத்தாரும் நேபாளத்தாரும் இந்தோனேசியருமாவர். அவர்கள் சில ஆண்டுகள் இருந்து திரும்புகின்றனர். மூன்று தலைமுறையாகத் தமிழ்க் கைகளிற் சேர்ந்த அறிவு, கேட்பார் இன்றி, லயங்களிலும் முதியோர் திண்ணைகளிலும் அடங்கிப் போகிறது. ஆலை முதியவர் மூக்கு போனதுபோல் இதுவும் போய்விடுமோ என்பதே என் அச்சம். காரணம் அறிந்தவனே கற்பிக்க வல்லான் என்றால், காரணத்தை அறிய முயல்வது, போனவர்க்கும் வருபவர்க்கும் நாம் படும் கடன்.

வகுப்பிற் சேர்ந்த செய்தியைப் பெரியம்மாவிடம் சொன்னேன். நகைப்பார் என்றெண்ணினேன். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அப்படின்னா தம்பி, நீங்க ஒண்ணு கேட்டுட்டு வாங்க. அதே கன்னு, அதே உரம், ஒரே நாள் நட்டது. இந்தப் பக்கத்துச் சரிவிலே கொழுந்து சீக்கிரம் முத்திப் போகுது. அந்தப் பக்கத்துச் சரிவிலே தளிராவே நிக்குது. வந்த நாள் முதலா பாக்கிறேன். ஏன்னு யாரும் சொல்லலே. யாரும் கேக்கவும் இல்லே" என்றார்.

முப்பதாண்டுகளாக ஓர் ஆராய்ச்சிக் கேள்வியைக் கூடையோடு சுமந்தவரை, நான் செக்ரோலில் ஒரு பெயராகவும் ஓர் எடையாகவும் எழுதி வந்திருக்கிறேன்! அக்கேள்வியை வகுப்பிற் கேட்டேன். காலை வெயிலாக இருக்கலாம், மண்ணின் ஈரமாக இருக்கலாம், காற்றாக இருக்கலாம் என்று விரிவுரையாளர் சிந்தித்துவிட்டு, "விடை என்னிடம் இல்லை, அளந்து பாருங்கள். உங்கள் ஆய்வுக்கட்டுரைக்கு இதுவே பொருளாகட்டும்" என்றார்.

இப்போது இரு சரிவிலும் இரண்டு வெப்பமானிகள் தொங்குகின்றன. ஒவ்வொரு சரிவிலும் 20 செடிகளுக்குச் சிவப்பு நாடா கட்டியிருக்கிறோம். எச்செடிகளைத் தேர்ந்தெடுப்பது என்று காட்டியவர் பெரியம்மா. என் கண் அதற்குப் போதாது. வாரம் ஒருமுறை கொழுந்தை எண்ணி நான் எழுதுகிறேன். நான் தவறாக எண்ணினால் அவர் திருத்துகிறார். எண்களை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டுகிறேன். விடை எவ்வாறு வரும் என்று தெரியாது. அவர் கருதியது பிழையென வரினும் வரலாம். நூல் கூறுவது பிழையென வரினும் வரலாம். எதுவாயினும், வரும் விடையை முதலிற் கேட்கும் உரிமை அவருக்கே உரியது.

தெரிந்த தொழிலைக் கற்கப் போவது வீணும் அன்று, வெறும் வியாபாரமும் அன்று என்பதற்கு இதனினும் வேறு விடை எனக்குத் தெரியவில்லை. நம்முள் தொழில் அறிந்த ஒவ்வொருவரிடமும் இத்தகைய 'ஏன்' ஒன்று நெடுநாளாகக் காத்திருக்கிறது. அதனைச் சுமந்துகொண்டு பள்ளி வாயிலில் நுழைபவன் வெறுங்கையோடு நுழைபவன் அல்லன். வயதென்றும் வெட்கமென்றும் சொல்லி அதனை வாயிலிலேயே இறக்கி வைத்துவிட்டுத் திரும்புவோமாயின், இழப்பு நமக்கு மட்டுமன்று. நமக்குக் கற்பித்தவர்க்கும் ஆகும்.